எங்கல்மன் ஸ்ப்ரூஸ் கிட்டார்: மெதுவாக வாசிப்பவர்களுக்கு மட்டும்

நான் பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) பிடிப்பதில்லை, விரலால்தான் வாசிப்பேன். அதுவும் பக்கத்து அறையில் தூங்குபவர் எழாத அளவுக்கு. என் பழைய கிட்டாரின் மேற்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். அது கொஞ்சம் அடித்தால்தான் வாயைத் திறக்கும். அதனால்தான் அதே குடும்பத்து எங்கல்மன் ஸ்ப்ரூஸ் மேற்பலகையும் மஹோகனி உடம்பும் கொண்ட இந்தக் கிட்டாருக்கு மாறினேன்.

விரல் நுனி பட்டாலே நாதம் எழுகிறது. மேல் ஸ்தாயித் தந்திகள் காதைக் குத்துவதில்லை. ஹார்மோனிக்ஸ் (தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணி போன்ற ஒலிகள்) தொட்டவுடன் கிளம்பி நின்று ஒலிக்கின்றன. மரத்தின் எடை இதற்கு ஒரு காரணம். காய்ந்த எங்கல்மன் மரம் கன மீட்டருக்குச் சுமார் 385 கிலோ, சிட்கா சுமார் 425. லேசான பலகையை அசைக்கக் குறைந்த விசை போதும். பலகையைத் தாங்க உள்ளே ஒட்டும் மரச்சட்டங்களான பிரேசிங்குக்கும் இதில் பெரிய பங்கு உண்டு, எல்லாப் பெருமையையும் மரத்துக்கே கொடுத்துவிட முடியாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பிக் எடுத்து எல்லாத் தந்திகளையும் சேர்த்து ஓங்கி ஸ்ட்ரம் செய்தால், ஓர் அளவுக்கு மேல் சத்தம் கூடுவதில்லை, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. டிரம்ஸோடு வாசிப்பவர்கள் சிட்காவிலேயே இருங்கள்.

விளம்பரத்தில் 'அரிய மலை மரம்' என்று போட்டிருந்தார்கள். சும்மா! பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து நியூ மெக்சிகோ வரை ராக்கி மலைத்தொடரில் காடு காடாக நிற்கும் மரம் இது. வீடு கட்டும் மரச்சட்டத்துக்கும் பிளைவுட்டுக்கும் காகிதக் கூழுக்கும் அதைத்தான் வெட்டுகிறார்கள். மரம் அரிதில்லை, கிட்டாருக்கு ஏற்ற கட்டைதான் அரிது. முடிச்சு இருக்கக்கூடாது, நார் முறுக்கிக்கொண்டு போகக்கூடாது, இரண்டு பாதியாகப் பிளந்து விரித்து ஒட்டும் அளவுக்கு அகலமும் வேண்டும். அப்படி ஒரு கட்டை கிடைக்க மரம் பல தலைமுறை நின்றிருக்க வேண்டும். பனி நீண்டு கோடை சுருங்கிய உயரங்களில் வருடத்துக்கு மெல்லிய வளையம்தான் போடும்; மரங்கள் நிற்கும் கடைசி எல்லையில் அதே இனம் புதராகக் குறுகிக் கிடக்கும். இன்னொன்று, வெள்ளை ஸ்ப்ரூஸ் வளரும் இடங்களில் அதோடு கலந்து கலப்பினமாகிவிடுகிறது. பலகையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆகவே பெயர்ச்சீட்டை ரொம்ப நம்பாதீர்கள், வாசித்துப் பாருங்கள்.

என்னுடையதில் கோடுகள் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் சற்று விரிந்தும் ஓடுகின்றன. சாய்த்துப் பிடித்தால் குறுக்கே பட்டு மாதிரி மினுமினுப்பு தெரிகிறது. பலகையைச் சரியான கோணத்தில் அறுத்திருக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல அடையாளம். நிறம் சிட்காவைவிட வெளுப்பு. வேலைப்பாட்டில் ஒரே குறை, இடுப்பு வளைவில் வார்னிஷ் வழிந்து கட்டியிருக்கிறது. இந்த ரகக் கிட்டாரில் அதை விட்டிருக்கக்கூடாது.

மரம் மெத்து. துளையைச் சுற்றி என் நகத்தடம் ஏற்கெனவே விழுந்துவிட்டது, கீறல் விழாமல் காக்கும் பிக்கார்டு தகடு ஒட்டிக்கொள்வது நல்லது. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கும்படி பெட்டிக்குள் வைத்தால் பலகை வெடிக்கும் பயம் குறைவு.

12 அளவு தந்தியோடு வந்தது, நான் அதைவிட மெல்லிய 11க்கு மாற்றினேன். பாஸ் கொஞ்சம் மெலிந்தது. மெதுவாக வாசிக்கும்போது கிடைக்கும் தெளிவுக்கு அந்த நஷ்டம் எனக்குச் சரிதான்.