ரயட் ஆன் ஆன் எம்ப்டி ஸ்ட்ரீட்: வருடக்கணக்காகக் கேட்டபின்

இரண்டு கிதார், இரண்டு மெல்லிய குரல். நார்வேயின் பெர்கன் நகரத்து எர்லென்ட் ஓயே, ஐரிக் போ இருவரும் 2001இல் ‘கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ்’ என்ற இருவர் குழுவாகப் பரவலாக அறிமுகமானபோது இதுவே அவர்கள் முத்திரையாகிவிட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டாவது ஆல்பம், அதாவது இந்த ‘ரயட் ஆன் ஆன் எம்ப்டி ஸ்ட்ரீட்’, ஒரு கண்டம்தான். அதையே திரும்பச் செய்தால் சலிக்கும். வாத்தியங்களைச் சேர்த்தால் அமைதி கலையும். நடுவில் 2003இல் ஓயே எலக்ட்ரானிக் இசையில் தனி ஆல்பமே போட்டிருந்தார். அந்தத் தாளப் பிடிப்பு 2004இல் வந்த இந்த ஆல்பத்தில் நன்றாகவே தெரிகிறது.

‘ஐட் ரேதர் டான்ஸ் வித் யூ’வில் டிரம்ஸ், பியானோ, வில் போட்டு வாசிக்கும் தந்திகள் எல்லாம் உண்டு. ஆனாலும் குரல் ஓரிடத்தில்கூட உயர்வதில்லை. பாட்டைத் துள்ள வைத்துவிட்டு, பாடுகிறவர் மட்டும் பேச்சுக் குரலிலேயே நிற்கிறார். இந்த ஆல்பத்தின் சாதனை என்று நான் சொல்வது இதைத்தான்.

நாள்பட நாள்பட ஏறுவது ‘கேமன் ஐலண்ட்ஸ்’. முதல் தடவை சும்மா கடந்துபோகும். பழகியபின்தான் இரண்டு கிதாரும் ஒன்றையொன்று மிதிக்காமல் நகர்வது காதில் விழும். ‘நோ-ஹவ்’, கடைசிப் பாட்டான ‘தி பில்ட்-அப்’ இரண்டிலும் கனடாவின் பாடகி ஃபைஸ்ட் பாடுகிறார். ஆண் குரல்களுக்கு நடுவே அந்தக் குரல் ஜன்னலைத் திறந்த மாதிரி வருகிறது. ஒன்பதாவது பாட்டிலிருந்து பதினொன்றாவது வரை வேகம் ஒரே மாதிரி இருப்பதால் கொஞ்சம் தொய்வு உண்டு.

கேட்கும்போது, தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் காட்டும் பேஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள். கிதார் உடலின் அதிர்வு ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதை ஏற்றினால் பாட்டு முழுக்க ‘பூம்’ என்று அடைத்து, தாழ்ந்து பாடும் குரல் அமுங்கிவிடும். பஸ், ரயில் இரைச்சலும் அதே கீழ்ப்பகுதியைத்தான் விழுங்கும். அதற்காகச் சத்தத்தைக் கூட்டினால், விரல் தந்தியில் உரசும் ஒலிதான் முன்னால் வந்து நிற்கும். அமைதியான அறையும், பக்கத்தில் இருப்பவரோடு பேசும் அளவுக்குச் சத்தமும் போதும்.

இந்தப் பாட்டுகளை ஜோடியாகக் கிதாரில் வாசித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்: இருவரும் ஒரே கார்டை ஒரே பொசிஷனில் பிடிப்பார்கள், ஒலி சேறாகிவிடும். ஒருவர் நைலான் தந்தியில் கட்டைவிரலால் பேஸைப் பிடிக்கட்டும். மற்றவர் ஸ்டீல் தந்தியில் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கிளிப்) போட்டு மேலே போகட்டும். ரெக்கார்ட் செய்யும்போது மைக் வாயிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கலாம். இன்னும் நெருங்கினால் குரலில் பேஸ் வீங்கும். மெல்லப் பாடுவதால் கெய்னை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றித்தான் ஆகவேண்டும், அப்போது ஃபேன் சத்தமும் கூடவே ஏறும். முதலில் அதை நிறுத்துங்கள்.

அடுத்து எதைக் கேட்பது என்றால் 2009இல் வந்த இவர்களின் மூன்றாவது ஆல்பம். அதில் டிரம்ஸே கிடையாது.