லாரியின் முகத்தில் கல்லடி: வலையா, பிலிமா, ரெசினா?

சேலத்திலிருந்து தர்மபுரிப் பக்கம் போகும்போது, தொப்பூர் ஏற்றம் முடிகிற இடத்தில் எங்கள் பத்துச் சக்கர வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு ஜல்லி அடித்தது. டிரைவர் உடனே கூப்பிட்டார். "அண்ணா, கிளாஸ்ல பூ விழுந்திருச்சுங்க." அவர் அனுப்பிய படத்தில் பார்த்தேன். நடுவில் மிளகளவு குழி, அதைச் சுற்றி நாலு கால் நீட்டிய வெடிப்பு. மொத்தமே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. அன்று மதியம் வெயிலில் நின்ற வண்டிக்குப் பச்சைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறார்கள். நாலு காலில் ஒன்று கண்ணாடியின் ஓரம்வரை ஓடிவிட்டது. அத்தோடு அந்தக் கண்ணாடி போயிற்று.

அதன் பிறகு எந்த ஓனரைப் பார்த்தாலும் இதே பேச்சுதான். ஒருவர் வலை போடச் சொன்னார், ஒருவர் பிலிம் ஒட்டச் சொன்னார், இன்னொருவர் பெரிய இரும்பு பம்பர் கட்டச் சொன்னார். எல்லாவற்றையும் விசாரித்து, சிலவற்றைச் செய்தும் பார்த்துவிட்டேன்.

காரின் கண்ணாடி சரிந்து படுத்திருக்கும். கல் பட்டாலும் பல சமயம் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். நம் லாரிகளுக்கு மூக்கு கிடையாது. இன்ஜின் மேலேயே கேபின் உட்கார்ந்திருப்பதால் கண்ணாடி ஏறக்குறைய சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. வருகிற கல் தன் முழு பலத்தையும் அங்கேயே இறக்கும். வேகம் கொஞ்சம் கூடினாலும் அடி நிறையக் கூடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வாங்குவதைவிட 80-இல் வாங்கும் அடி முக்கால் பங்குக்கு மேல் அதிகம். எதிரே வரும் வண்டியின் லோடிலிருந்து தெறித்தால் இரண்டு வண்டிகளின் வேகமும் சேர்ந்துகொள்ளும். முக்கால் இன்ச் ஜல்லி ஒன்று 10, 15 கிராம்தான் இருக்கும். அது கண்ணாடியைப் பெயர்ப்பது இப்படித்தான்.

முதலில் வலை. வெல்டிங் பட்டறையில் ஒரு சட்டம் அடித்து, கம்பி வலையைக் கண்ணாடிக்கு முன்னால் மாட்டுவது. போலீஸ் வேன்களில் பார்த்திருப்பீர்கள். கையால் எறிகிற கருங்கல்லைத் தடுக்க அது சரியான ஏற்பாடு. ஆனால் ரோட்டுக் கல் வேறு. ஒரு இன்ச் கண் உள்ள வலை என்றால் 25 மில்லிமீட்டர் இடைவெளி. முக்கால் ஜல்லி 20 மில்லிமீட்டர். அது நேராக உள்ளே போய்விடும். சரி, கண்ணைச் சின்னதாக்கலாம் என்றால் டிரைவருக்குப் பார்வை போகிறது. இரவில் எதிர் விளக்கு வெளிச்சம் ஒவ்வொரு கம்பியிலும் பட்டுச் சிதறும். மழையில் வலைக்குப் பின்னால் சேறு அப்பிக்கொண்டால் கையை விட்டுத் துடைக்கவும் முடியாது. ஒரு நாள் இரவு நானே அப்படி ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் கண் எரிந்தது. ஒரு கண்ணாடியைக் காப்பாற்ற டிரைவரின் கண்ணைக் கெடுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பெரிய இரும்பு பம்பரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாடு, மான், கங்காரு மாதிரி குறுக்கே வருவதற்காக வந்த சாமான் அது. குழாய்களுக்கு நடுவில் ஒரு கூடை ஜல்லி போகும். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இத்தகைய கிராஷ் கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு எதிரானவை என்று மாநிலங்களுக்கு எழுதி, நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. நடந்து போகிறவர் மேல் பட்டால் பிழைப்பது கடினம் என்பதுதான் முக்கியமான காரணம். அது ஒன்றே எனக்குப் போதும்.

பானெட் மேல் வைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு, மூக்குள்ள பிக்கப் வண்டிகளுக்குக் கொஞ்சம் உதவும். தட்டை முக லாரிக்கு அதை வைக்க இடமே இல்லை.

பிலிம் கதை வேறு. பெயிண்ட்டைக் காக்க ஒட்டும் பிபிஎஃப், வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காக்க வந்த பொருளின் வாரிசு. பாலியூரித்தேன் படலம், சிறு கல் பட்டால் உள்வாங்கிக்கொள்ளும். தகரத்தில் பெயிண்ட் பெயர்ந்து துரு பிடிப்பதை அது நன்றாகவே தடுக்கிறது. ஆனால் விலை லாரிக்குக் கட்டுப்படியாகாது. விளக்குக்கு மட்டும் ஒட்டுவது நியாயம், ஏனென்றால் இப்போதைய ஹெட்லைட்டுகள் பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்; எளிதில் உடையாது, ஆனால் கல்லும் மணலும் தேய்த்து மங்கிப்போகும். முன்கண்ணாடியில் எந்த பிலிமும் வேண்டாம் என்பது என் கருத்து. வைப்பர் தேய்த்தே அதைக் கோடு கோடாக்கிவிடும். தவிர, 2012-இல் உச்ச நீதிமன்றம் வண்டிக் கண்ணாடிகளில் பிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. பின்னால் விதியில் திருத்தம் வந்தது உண்மைதான், ஆனால் நடுராத்திரி செக்போஸ்ட்டில் நின்று டிரைவர் விதி பேச வேண்டுமா?

வலைக்கு உண்மையான வேலை இருப்பது கண்ணாடிக்கு முன்னால் அல்ல, கிரில்லுக்குப் பின்னால். அங்கே இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருக்கிறது, அதன் பின்னால் ரேடியேட்டர், பல மாடல்களில் ஏசி கண்டென்சரும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகிவிட்டதால் இனி இந்த இடம் இன்னும் முக்கியம். எல்லாம் அலுமினியம். ஒரு கல் குத்தினால் கூலண்ட் ஒழுகி வண்டி வழியிலேயே நின்றுவிடும். கண்ணாடியில் பூ விழுந்தால் லோடையாவது கொண்டுபோய் இறக்கலாம், ரேடியேட்டர் போனால் லோடும் போச்சு, வாடகையும் போச்சு.

இதில் நான் முதலில் செய்த தப்பு, கொசு வலையைப் போட்டது. வாரம் ஒன்று நன்றாக ஓடியது. அப்புறம் பூச்சியும் வைக்கோல் தூசியும் அடைத்துக்கொண்டு, தொப்பூர் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. இப்போது கால் இன்ச் கண் உள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை போட்டிருக்கிறேன். முக்கால் ஜல்லியும் அரை இன்ச் ஜல்லியும் அதற்குள் நுழையாது, காற்று தாராளமாகப் போகும். வலையை அலுமினிய ஃபின்களோடு (மெல்லிய தகடுகளோடு) ஒட்டிக் கட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். கல் பட்டு வலை உள்வாங்கினாலும் ஃபின்னைத் தொடக்கூடாது. வாரம் ஒரு முறை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடித்துச் சுத்தம் செய்தால் போதும். முன்னால் நின்று அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும்.

அப்படியானால் கண்ணாடிக்கு என்ன வழி? கல் படாமல் முழுக்கத் தடுக்க வழியில்லை. பட்ட பிறகு ஓடாமல் நிறுத்த முடியும். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். கல் பெரும்பாலும் வெளிக்கண்ணாடியை மட்டும்தான் உடைக்கிறது. அந்த வெடிப்புக்குள் ரெசின் என்ற தெளிவான பசையை இறக்கி, புற ஊதா விளக்கில் காய வைத்தால் கால் நீளாது. ரூபாய் நாணயத்துக்குள் இருக்கும் வெடிப்பு, ஓரத்தை ஒட்டாமலும் டிரைவரின் நேர்பார்வையில் இல்லாமலும் இருந்தால், இதைப்போலச் சிக்கனமான வழி வேறில்லை. நேர்பார்வையில் இருந்தால் கண்ணாடியை மாற்றிவிடுங்கள், அந்தத் தழும்பு போகாது.

கல் பட்ட முதல் நாள்தான் முக்கியம். உடனே ஒரு செல்லோடேப் ஒட்டி, தூசியும் தண்ணீரும் போகாமல் அடைக்க வேண்டும். வெயிலில் நின்ற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. ஏசியை நேராகக் கண்ணாடி மேல் திருப்பக்கூடாது. எங்கள் கண்ணாடி போனது கல்லால் அல்ல, அந்த ஒரு வாளித் தண்ணீரால்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பவர்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். கமர்ஷியல் வண்டிகளுக்கு ஐஎம்டி 23 என்ற கூடுதல் கவர் வாங்காவிட்டால் விளக்கு, பம்பர், பெயிண்ட் இவற்றுக்குப் பணம் வராது. வண்டியே மொத்தமாகப் போனால்தான் உண்டு. வெறும் தேர்டு பார்ட்டி என்றால் கண்ணாடிக்கும் கிடையாது.

இவை எல்லாவற்றையும்விட மலிவானது முன்வண்டிக்குப் பின்னால் விடும் இடைவெளி. 60 வேகத்தில் மூன்று விநாடி என்பது 50 மீட்டர். டிப்பருக்குப் பின்னால் என்றால் நான் அதையும் இரட்டிப்பாக்கச் சொல்லியிருக்கிறேன், டிரைவர் முணுமுணுத்தாலும். கூடவே இன்னொரு பழக்கம். நம் வண்டியின் பின்பக்க ஜோடி டயர்களுக்கு நடுவிலும் கல் மாட்டும். ஓடும்போது அது கழன்றால் கவணிலிருந்து கிளம்பியது மாதிரிதான் போகும். லோடு ஏற்றிக் கிளம்பும் முன் டார்ச் அடித்து ஒவ்வொரு ஜோடியையும் பார்த்து, டயர் லிவரால் நெம்பி எடுக்கச் சொல்கிறேன். போன வாரம் குவாரி வேலை முடித்து வந்த வண்டியில் மூன்று கற்கள் கிடைத்தன. ஒன்று கோழி முட்டை அளவு. நெம்பி எடுக்கவே எங்கள் டிரைவர் முட்டி போட்டுப் பத்து நிமிடம் போராடினார். அது ரோட்டில் கழன்றிருந்தால் பின்னால் வந்தவருடைய கண்ணாடிக்கு நேராகப் போயிருக்கும்.