டெர்மினலில் ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ: தமிழ் கோப்புப் பெயர் வரும்வரை சுகம்

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ நன்றாக உழைக்கும். 2020-இல் வெளிவந்த இந்த ஃபாண்ட் இலவசம். பூஜ்யத்துக்குள் நீள்புள்ளி, ஆங்கிலச் சிறிய எல்லுக்கு (l) வளைந்த வால்; ஓவோடும் ஒன்றோடும் குழம்பாது. சர்வர் முகவரியைக் கண்ணால் பார்த்துத் தட்டுகிறவர்களுக்கு இதுவே பாதி நிம்மதி. சிறிய எழுத்துகள் உயரமானவை என்பதால் 11 பாயின்ட் அளவிலும் தெளிவு.

வரி உயரம்தான் உறுத்தல்: எழுத்தளவைப் போல 1.32 மடங்கு. மடிக்கணினியில் சில வரிகள் பறிபோகும். அலாக்ரிட்டி என்ற டெர்மினல் செயலியில், வரி இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஆஃப்செட்டின் ஒய் மதிப்பை -2 ஆக்கினால் கொஞ்சம் மீளும். ரொம்பவும் இறக்கினால் எழுத்தின் வால் கீழ்வரியில் முட்டும். லிகேச்சர், அதாவது != போன்ற குறிகளை ஒரே வடிவமாக இணைப்பது, பிடிக்காதவர்கள் அது இல்லாத என்எல் (NL) வகையை நிறுவலாம். அலாக்ரிட்டி எப்படியும் லிகேச்சரைக் காட்டாது.

இதில் தமிழ் எழுத்தே இல்லை, டெர்மினல் வேறு ஃபாண்டைத் தேடும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அச்சகம் அனுப்பும் கோப்பின் பெயர் ‘பினாங்கு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினல் திரையை ஒரே அகலக் கட்டங்களாகப் பிரித்து எழுத்துகளை வைக்கும். பல டெர்மினல்களில் மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது. அகலமான ‘ங்’ ஒரே கட்டத்தில் திணறி ‘கு’வின் மேல் ஏறும். காலுக்கோ தனிக் கட்டம், ‘னா’ பிளந்து நிற்கும். மேக்கில் கோலாலம்பூர் முத்து நெடுமாறன் வடித்த இணைமதி என்ற தமிழ் ஃபாண்ட் வந்தாலும் இதே கதைதான்: அழகான எழுத்து, ஆனால் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் அல்ல. கட்டக் கணக்கு டெர்மினலுடையது. ஃபாண்டை மாற்றிப் பயனில்லை.