பொடியா, பட்டினியா, பாதித் தட்டா? நீரிழிவோடு எடை குறைக்கும் வழிகளில் எது நிலைக்கிறது

"நீரிழிவு இருக்கிறது, எடையைக் குறையுங்கள்" என்று பலதுறை மருந்தகத்தில் எல்லாரிடமும் சொல்கிறார்கள். எப்படிக் குறைப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு விடை கிடைக்கிறது. சிங்கப்பூரில் நம்மவர்களிடையே இன்று பேசப்படும் வழிகளை நான்காக அடக்கிவிடலாம். சாப்பாட்டுக்குப் பதிலாகச் சத்துப்பொடியைக் கரைத்துக் குடிப்பது ஒன்று. சோறு, சப்பாத்தி, தோசை என்று மாவுச்சத்துள்ள அனைத்தையும் ஏறக்குறைய நிறுத்திவிடுவது இன்னொன்று. உண்பதை நாளில் எட்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொண்டு மிச்ச நேரம் வயிற்றைக் காயப்போடுவது மூன்றாவது. எல்லாவற்றையும் உண்டு, தட்டில் அவற்றின் பங்கை மட்டும் மாற்றிக்கொள்வது நான்காவது. நான் தேர்ந்தெடுத்து நிலைத்திருப்பது இந்த நான்காவது வழியில். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எடை குறைந்தால் சர்க்கரை குறையும் என்பதில் இந்த நான்கு தரப்புக்கும் சண்டை இல்லை. கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரையும்போது இன்சுலின் மீண்டும் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்குகிறது. இந்தியர் உள்ளிட்ட ஆசியர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு எளிதில் சேர்வதால் பார்வைக்கு ஒல்லியாக இருப்பவரும் தப்புவதில்லை. சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 23-ஐத் தொட்டாலே மிதமான அபாயம் என்றும், 27.5-ஐத் தொட்டால் அதிக அபாயம் என்றும் வகுத்திருப்பது இதனால்தான்.

ஆதாரத்தின் வலிமையை மட்டும் பார்த்தால் பொடிக்கே முதலிடம். பிரிட்டனில் நடந்த 'டைரெக்ட்' ஆய்வின் முதலாண்டு முடிவுகள் 2017-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தன. நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்கு மேல் ஆகாத, இன்சுலின் போட்டுக்கொள்ளாத 298 பேரில் ஒரு பாதியினருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே, அதுவும் பொடிக் கரைசலாகக் கொடுத்தார்கள். ஓராண்டின் முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் மாத்திரையின்றியே நீரிழிவு அளவுக்குக் கீழே வந்திருந்தார்கள்; வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அப்படி வந்தவர்கள் 4 விழுக்காட்டினர்தான். பதினைந்து கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களை மட்டும் தனியே பார்த்தால் அந்த விகிதம் 86 விழுக்காடு. வேறெந்த உணவுமுறைக்கும் இதற்கு நிகரான எண்ணைக் காட்டுவது கடினம்.

ஆனால் அதே ஆய்வின் இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆக இறங்கியது. குறைத்த எடையில் பத்துக் கிலோவுக்கு மேல் அப்போதும் திரும்பவிடாமல் வைத்திருந்தவர்களில் மட்டும் 64 விழுக்காட்டினர் மாத்திரையின்றி இருந்தார்கள். அதாவது, எடையை இறக்கியது பொடிதான் என்றாலும், பொடியை நிறுத்திய பிறகு என்ன சாப்பிட்டார்கள் என்பதே பலனை முடிவு செய்தது. அந்த ஆய்வில் முதல் நாளிலேயே நீரிழிவு மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் நிறுத்தி, மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் நடத்தினார்கள்; பின்னர் வழக்கமான உணவை வாரக்கணக்கில் படிப்படியாகத் திரும்பக் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் டப்பாவை வாங்கி வந்து தானே தொடங்குவது அந்த ஆய்வாகாது. பொடியை நான் குடித்ததில்லை. குடித்த உறவினர் ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எடை விறுவிறுவென்று இறங்கியது, டப்பா தீர்ந்த மறுநாள் தட்டில் என்ன வைப்பது என்று அவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை. ஒருவரை வைத்து ஒரு முறையை எடைபோட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சோற்றை அறவே விடுவதில் ஒரு கவர்ச்சி உண்டு: குளுக்கோமீட்டர் சில நாளிலேயே நல்ல சேதி சொல்லிவிடும். மாவுச்சத்து உள்ளே போகாவிட்டால் சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவதற்கு அதிகம் வழியில்லை. 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் 'பிஎம்ஜே' என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த அலசலும் ஆறாம் மாதத்தில் இந்த முறை முந்தி நிற்பதைக் காட்டியது. பன்னிரண்டாம் மாதத்தில் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. சைவ உணவுக்காரருக்கு இது இன்னும் கடினம். பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் புரதத்தோடு மாவுச்சத்தும் கலந்தே வருகிறது. மிஞ்சுவது முட்டை (உண்பவர்களுக்கு), பன்னீர், டோஃபு, தெம்பே (புளிக்கவைத்த சோயா). அசைவர்கள் சோற்றின் இடத்தைத் தேங்காய்ப்பாலிலும் நெய்யிலும் ஊறிய கறியால் நிரப்பிக்கொண்டால் கொழுப்புப் பரிசோதனைத் தாள் வேறு கதை சொல்லும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால், சர்க்கரை பெரிதாக ஏறாமலே, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோ அமிலம் இரத்தத்தில் கூடி ஆபத்தில் முடியலாம். மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எட்டு மணி நேர முறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2022-இல் குவாங்சோவிலிருந்து வந்த ஆய்வில் 139 பேர் ஓராண்டு கலந்துகொண்டார்கள். கலோரியைக் குறைத்தவர்களோடு ஒப்பிட, கலோரியையும் குறைத்து நேரத்தையும் சுருக்கியவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அவர்கள் நீரிழிவாளர்கள் அல்லர் என்பதால் நமக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. நமக்குள்ள பெரிய சிக்கல் மாத்திரை. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்பவருக்குப் பட்டினியால் சர்க்கரை தாழ்வது அரிது; கிளிக்லசைடு, கிளிப்பிசைடு, இன்சுலின் ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு காலை உணவைத் தள்ளிப்போடுகிறவருக்கு எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போதே சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோல் என்ற பாதுகாப்பு எல்லைக்குக் கீழே இறங்கி, கை நடுங்கி வியர்த்துக் கொட்டலாம். இந்த முறையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: இரவுச் சாப்பாடு முடிந்ததும் அடுப்படி விளக்கை அணைத்துவிடுவது. பதினொரு மணிக்குப் பரோட்டாவும் தே தாரிக்கும் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கிடைக்கிற ஊரில் அதுவே பெரிய காரியம்.

இனி, எனக்கு முடிவைத் தந்த காரணத்துக்கு வருகிறேன். நான்கு முறையிலும் எடை குறையும். பராமரிப்பில்தான் அவை பிரிகின்றன. பராமரிப்பு என்று நான் சொல்வது ஒருவருடைய மனவுறுதியை அன்று. அந்த முறையை நடத்த வீட்டில் நாள்தோறும் எத்தனை கூடுதல் வேலை விழுகிறது என்பதை. நான் வேலைக்கும் போய், நான்கு பேருக்குச் சமைக்கவும் செய்கிறவள். பொடி என்றால் மற்றவர்களுக்குக் குழம்பு கொதிக்கும்போது நான் குவளையோடு நிற்க வேண்டும். மாவுச்சத்தை விட்டால் எனக்கென்று தனிச் சமையல், தனிச் செலவு, மாமியாருக்குத் தினமும் ஒரு விளக்கம். நேரத்தைச் சுருக்கினால் குடும்பம் ஒன்றாக உட்காரும் ஒரே வேளையான இரவு எட்டரை மணிச் சாப்பாட்டில் நான் இல்லை. இவற்றையெல்லாம் மூன்று மாதம் தாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு தீபாவளி வரும், தைப்பூசம் வரும், ஊருக்குப் போய் உறவினர் வீடுகளில் தங்க நேரும், கோயில் அன்னதானத்தில் இலை போடுவார்கள். அந்த நாள்களுக்கு ஒரு முறையில் இடமில்லை என்றால் அன்று அந்த முறை உடைகிறது. உடைந்ததை மறுநாள் ஒட்டவைக்கக் கூடுதல் முயற்சி தேவைப்படுகிறது. தட்டு முறை உடைவதில்லை, ஏனென்றால் அதில் விலக்கப்பட்டது என்று எதுவும் இல்லை. அன்று பங்கு மாறிப்போயிற்று, அடுத்த வேளை சரிசெய்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014-இல் அறிமுகப்படுத்திய 'மை ஹெல்தி பிளேட்' படத்தைப் பெரும்பாலோர் பார்த்திருப்பார்கள்: தட்டில் பாதி காய்கனி, கால் முழுத்தானியம், கால் புரதம். படம் எளிது. நம் சமையலில் அதைப் பொருத்துவதில்தான் வேலை இருக்கிறது. உருளைக்கிழங்கு மசாலா காய் ஆகாது. அது சோற்றின் கணக்கில் சேர வேண்டியது. சாம்பாரில் பருப்பு இருந்தாலும் நீர்க்க வைத்த சாம்பார் கால் தட்டுப் புரதத்தை ஈடுகட்டாது. பாதித் தட்டில் நான் பழத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கீரை, முட்டைக்கோஸ், பீன்ஸ், வெண்டைக்காய் என்று நிரப்புகிறேன்.

சோற்றின் அளவைத் தட்டில் குறைப்பதைவிட உலையிலேயே குறைப்பது எளிது. ரைஸ் குக்கரோடு வரும் சிறு பிளாஸ்டிக் குவளை 180 மில்லி கொள்ளும். அதில் தலைதட்டி அளந்தால் சுமார் 150 கிராம் அரிசி. அதிலுள்ள மாவுச்சத்து ஏறத்தாழ 120 கிராம். நான்கு பேருக்கு மூன்று குவளை போட்டால் ஆளுக்குத் தொண்ணூறு கிராம் மாவுச்சத்து ஒரே வேளையில் போகிறது. இப்போது இரண்டு குவளைதான் போடுகிறேன். மற்ற மூவரும் எடுத்தது போக எனக்கு நாற்பது கிராமுக்குள் நிற்கிறது. பானையில் மிச்சம் இல்லாததால் மறுசோறு என்ற பேச்சே எழுவதில்லை. பழுப்பரிசிக்கு மாறினால் நார்ச்சத்து கூடும், சர்க்கரை சற்று மெதுவாக ஏறும். மாவுச்சத்தின் எடை பெரிதாகக் குறையாது என்பதால் அளவைக் கூட்டிக்கொள்ள அது அனுமதிச்சீட்டு அன்று.

உண்ணும் வரிசையையும் மாற்றிக்கொண்டேன். காயும் புரதமும் முதலில், சோறு கடைசியில். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அதே உணவை இப்படி வரிசை மாற்றிக் கொடுத்தபோது சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை தெளிவாகக் குறைந்தது. கலந்துகொண்டவர்கள் பதினொருவர்தான், ஆகவே பெரிதாகப் பறைசாற்ற மாட்டேன். என் விரல்நுனிச் சோதனையிலும் அப்படித்தான் காண்கிறது. அது என் உடல், என் கருவி. நம் பழக்கத்தில் சாம்பார், ரசம், மோர் எல்லாமே சோற்றோடு பிசைந்து வருவதால் தொடக்கத்தில் விநோதமாக இருக்கும். பொரியலையும் மீனையும் முதலில் தனியே முடித்துவிட்டு அதன்பின் பிசைவது என்று வைத்துக்கொண்டால் பழகிவிடும்.

வெளியில் சாப்பிடும் நாளிலும் இந்த முறை கூடவே வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. உணவங்காடி நிலையத்தில் சீனர் கடையில் கைகாட்டி வாங்கும் சாப்பாட்டில் சோறு பாதி, இரண்டு காய், ஒரு மீன் என்றால் தட்டு தானாகவே அமைந்துவிடுகிறது. டோஃபுவும் காயும் தேர்ந்தெடுத்து வாங்கும் யோங் தாவ் ஃபூ கடையில் நூடல்ஸ் வேண்டாம் என்றால் போதும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாழையிலைச் சாப்பாடுதான் சோதனை. கேட்காமலேயே சோறு வந்து விழும், வேண்டாம் என்று கையால் இலையை மறைக்க வேண்டியிருக்கும். பானத்தில் பேச்சே வேண்டாம்: தே ஓ கோசோங், காப்பி ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், காப்பி. 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பொட்டலப் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் சர்க்கரை, கொழுப்பு அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் தரக்குறி வந்துவிட்டதால், 'சி', 'டி' எழுத்தைப் பார்த்ததும் ஒதுங்கிவிடலாம்.

நடையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். சாப்பிட்ட பின் குடியிருப்பு புளோக்கைச் சுற்றிக் கால் மணி நேரம் நடப்பது காலையில் ஒரேயடியாக நடப்பதைவிட என் அளவீடுகளுக்கு உதவுகிறது. எடை தூக்கும் பயிற்சி எடை குறையும்போது தசை கரையாமல் காக்கும் என்கிறார்கள். அதில் எனக்கு அனுபவம் போதாது, ரப்பர் பட்டையை இழுப்பதோடு நிற்கிறேன்.

தட்டு முறையின் குறை மெதுவானது என்பதே. மாதத்துக்கு ஒரு கிலோ இறங்கினால் நன்றாகப் போகிறது என்று பொருள். சில மாதம் அதுவும் இல்லை. கால் தட்டு என்பதைக் கோபுரமாகக் குவித்துக்கொண்டு கால்தான் என்று சாதிக்கவும் வழியுண்டு. நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்டு, எடை மிக அதிகமாக இருந்து, இன்னும் இன்சுலின் தொடங்காத நடுவயதுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டால், மருத்துவரின் மேற்பார்வையில் பொடியில் தொடங்கி, பொடியை விடும் வாரத்திலேயே தட்டுக்கு வந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இரவுப்பணி பார்ப்பவருக்கு நேரக் கட்டுப்பாடு உதவக்கூடும், மாத்திரை மெட்ஃபார்மின் மட்டுமாக இருந்தால். மற்ற மாத்திரைகள் எடுத்துக்கொள்பவர்கள் தட்டு முறையே ஆனாலும் சோற்றைப் பாதியாக்கும் முன் குடும்ப மருத்துவரோடு இணைக்கும் ஹெல்த்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்திருக்கும் தங்கள் மருத்துவரிடம் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டி, எதன் அளவைக் குறைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் உடனே வாயில் போட, முதல் சில வாரங்களுக்குச் சர்க்கரை மிட்டாய் சிலவற்றைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும்.