இரும்பை ஊமையாக்காதீர்கள்: மெட்டல் டிடெக்டரோடு மூன்று வருடம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியாட்ரிஸ் ஊரை ஒட்டி ஒரு மேய்ச்சல் நிலம். பழைய குடியேறிகளின் வீடு ஒன்று அங்கே இருந்ததாம். இப்போது நாலு லைலாக் புதரும் பாதி சாய்ந்த காற்றாலைக் காலும்தான் மிச்சம். மூன்று வருடமாக என் சனிக்கிழமைகள் அங்கேதான் போகின்றன.

ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம் என்றது 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம். 1863 ஜனவரி 1 அன்றே மனுப் போட்ட டேனியல் ஃப்ரீமனின் நிலம் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. அது இன்று தேசியப் பூங்கா. டிடெக்டரோடு உள்ளே கால் வைத்தால் வழக்குத்தான். தனியார் நிலம், சொந்தக்காரர் அனுமதி, இந்த இரண்டும் இருந்தால் மட்டும் இறங்குங்கள். எனக்கு அனுமதி தந்த பெரியவர் போட்டது ஒரே நிபந்தனை: தோண்டிய குழியைப் புல்லோடு சேர்த்து மூட வேண்டும், மாடு கால் இடறக் கூடாது.

கருவி சுமார் 700 டாலர், ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்யும் ரகம். பெயர் வேண்டாம், இந்த விலையில் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். இரண்டாம் வருடம், தரைக்கு மேலே வீசும் வட்டத் தட்டான காயிலைத் தண்டோடு பிணைக்கும் பிளாஸ்டிக் காது விரிந்துவிட்டது. உத்தரவாதத்தில் மாற்றித் தந்தார்கள், ஆனால் ஆறு வாரம் ஆனது. அதுவும் ஏப்ரலில்! புல் உயரும் முன் தேட வேண்டிய மாதம் அது. பேட்டரி பற்றிக் குறை இல்லை.

கூடவே வந்த 11 அங்குலக் காயில் ஆழம் பார்க்கும். ஆனால் பழைய வீட்டுமனையில் அது திணறும். ஒரே வீச்சில் ஏழெட்டு ஆணிகள் அதன் அடியில் வந்துவிட்டால், நடுவே கிடக்கும் பொத்தானின் சத்தம் அமுங்கிப்போகும். 6 அங்குலக் காயில் தனியாக வாங்கியதும்தான் கருவிக்கே காது திறந்தது. இது பார்த்த இடம்தான் என்று நான் ஒதுக்கிவிட்ட பத்தடிக்குள் 1890களின் இந்தியன் ஹெட் செண்ட் (பழைய அமெரிக்க ஒரு செண்ட் நாணயம்), தையல் விரலுறை, மவுத் ஆர்கனின் பித்தளைத் தகடு மூன்றும் வந்தன. ஜாடி மூடிகளுக்குக் கணக்கே இல்லை. அந்தத் துத்தநாக மூடி நாணயம் மாதிரியே பாடி ஏமாற்றும்.

வளைந்த ஆணியும் அப்படித்தான், ஒரு திசையில் வெள்ளி போலக் கணீரென்று ஒலிக்கும். சுற்றி வந்து குறுக்கே ஒரு முறை வீசிப் பாருங்கள். சத்தம் உடைந்தால் ஆணி. இது கைவரவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

முதல் வருடம் எல்லாரையும் போல, இரும்பைக் கண்டால் கருவி எழுப்பும் கரகர ஒலியை அணைத்துவைத்துத்தான் நடந்தேன். காதுக்குச் சுகம். ஆனால் வீடு எங்கே நின்றது என்றே தெரியவில்லை. பிறகு அணைக்காமல் நடந்தேன். கரகர சத்தம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று குச்சி நட்டுக்கொண்டே போனால், சுவர் இருந்த கோடு தானாக விழுந்தது. தோண்டியதில் இரும்புத் தகட்டிலிருந்து வெட்டிச் செய்த பழைய வெட்டாணி அதிகம், இன்றைய உருண்டைக் கம்பியாணி குறைவு. 1890களிலேயே கம்பியாணி சந்தையைப் பிடித்துவிட்டது என்பதால் வீடு அதற்கு முந்தையது என்பது என் கணக்கு.

போன அக்டோபரில் லைலாக்குக்கு மேற்கே, வீட்டை விட்டுத் தள்ளி, நாலடிச் சதுரத்துக்குள் திடீரென்று ஆணிச் சத்தம். அங்கே ஆணிக்கு என்ன வேலை? மண்வெட்டியால் தட்டினால் பொள்ளென்றது. புல்லுக்கு அடியில் மக்கிய பலகை, அதற்குக் கீழே பழைய கிணறு. இரும்பை அணைத்திருந்தால் நேராக அதன்மேல் ஏறியிருப்பேன். பெரியவர் அன்றே முள்கம்பி கட்டிவிட்டார். சோளம் அறுத்து முடிந்ததும் மண் போட்டு மூடுவதாகச் சொல்லியிருக்கிறார். மேற்குப் பக்கம் அதுவரை போவதாக இல்லை.