ஸ்பீக்கரை நகர்த்துவதா, வயரை மாற்றுவதா?

ஸ்டீரியோ ஒலி மந்தமாக இருந்தால் பலருக்கும் வரும் குழப்பம் இது.

செலவு: நகர்த்தக் காசே வேண்டாம். வயருக்குக் கொஞ்சம் ஆகும்.

பலன்: இங்கேதான் பெரிய வித்தியாசம். சுவரோடு ஒட்டிய ஸ்பீக்கரில் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) குமுறும். இரண்டடி முன்னால் இழுத்தால் குரல் தெளிந்து வரும். ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமைந்தால் பாடகர் நட்டநடுவில் வந்து நிற்பார். எனக்கு இன்றும் சிலிர்க்கும். வயரா? நான்கைந்து மீட்டருக்கு 16 கேஜ் (வயரின் தடிமன் அளவு) செம்பு வயரே தாராளம். அதைவிட விலை உயர்ந்ததில் வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

உழைப்பு: வயர் முனை கறுத்திருந்தால் வெட்டி, புதிதாகச் சீவி இறுக்குங்கள், போதும்.

இடமிருந்தால் முதலில் நகர்த்துங்கள். வயர் மிக மெல்லியது, தூரமும் அதிகம் என்றால் மட்டும் மாற்றுங்கள்.