ஆணி அடித்தால் காலியா, வாடகை நின்றால் காலியா?

2015இல் சென்னையில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தபோது பதினான்கு நிபந்தனைகள் கொண்ட பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். வாடகையை 5ஆம் தேதிக்குள் தரவேண்டும் என்பது மூன்றாவது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒன்பதாவது. கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மிரட்டல்: மேற்கண்டவற்றில் எதை மீறினாலும் உடனே காலி செய்து தரவேண்டியது. பதினொரு மாத ஒப்பந்தம்தான். ஒரு வருடத்துக்கு மேல் போனால் கட்டாயம் பதிவு செய்யவேண்டும் என்பதால் ஊரே பதினொன்றில் நிற்கிறது.

பத்திரம் எல்லா மீறலையும் ஒரே தராசில் வைக்கிறது. சட்டம் அப்படி வைப்பதில்லை. ஆனால் எந்தச் சட்டம் என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் குடித்தனக்காரரின் தவறை எடைபோட மூன்று தராசுகள் உண்டு. முதலாவது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். இரண்டாவது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். மூன்றாவது, 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம். மூன்றாவது வந்ததும் இரண்டாவது ரத்தாகிவிட்டது. ஆனாலும் அதற்குமுன் போட்ட ஆர்.சி.ஓ.பி. எனப்படும் வாடகைக் கட்டுப்பாட்டு மனுக்கள் பழைய சட்டப்படியே நடக்கும் என்பதால் அதன் பெயர் நீதிமன்றங்களில் இன்னும் அடிபடுகிறது. புதுச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது. அதன் கைக்கு எட்டாத இடங்களில் 1882தான் பேசும்.

வாடகை பாக்கி

பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் பிறக்கின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மாதம் 12,000 ரூபாய் வாடகை, 5ஆம் தேதி கெடு. ஒருவர் இரண்டு மாதம் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

1882 சட்டத்தில் முதலில் பத்திரத்தைத்தான் புரட்டவேண்டும். இந்த நிபந்தனையை மீறினால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் மீறலை வைத்துக் குத்தகையை முறிக்கமுடியும். எழுத்தில் நோட்டீசும் தரவேண்டும். ஆக என் பத்திரத்தின் அந்தக் கடைசி மிரட்டல் வரிக்கு மதிப்பு இருப்பது இந்த ஒரு சட்டத்தில்தான். அப்படியே முறித்து வழக்குப் போட்டாலும், விசாரணையின்போது பாக்கி, வட்டி, வழக்குச் செலவு மூன்றையும் கட்டிவிட்டால், அல்லது பதினைந்து நாளில் கட்டுவதாக ஈடு கொடுத்தால், நீதிமன்றம் குடியிருப்பைக் காப்பாற்றித் தரலாம். இவ்வளவு தாராளமா என்று தோன்றும். வீட்டுக்காரர்களின் வக்கீல்கள் விவரமானவர்கள். மாதாந்திரக் குடியிருப்பாக இருந்தால் மீறலைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துக் காரணம் சொல்லாமலே முடித்துவிடலாம். அங்கே பாக்கியைக் கட்டுவதெல்லாம் உதவாது.

1960 சட்டம் அந்தக் காரணமில்லாக் காலியைத்தான் தடுத்தது. காலி செய்ய வைக்கக்கூடிய காரணங்களைப் பட்டியல் போட்டு, அதற்கு வெளியே எதுவும் செல்லாது என்றது. வாடகைக்கு அது வைத்த அளவு மேலோட்டமாகப் பார்த்தால் கறார்: ஒப்பந்தக் கெடுவிலிருந்து பதினைந்து நாள். நம் கணக்கில் 20ஆம் தேதி. ஒப்பந்தத்தில் தேதி இல்லையென்றால் ஜூன் வாடகைக்கு ஜூலை கடைசி நாள்வரை நேரம். தாண்டினால் மனு போடலாம். ஆனால் மனு போட்டதும், அதை விசாரிக்கும் அதிகாரியான ரெண்ட் கண்ட்ரோலர் ஒரு கேள்வி கேட்பார்: வேண்டுமென்றே நிறுத்தினாரா, முடியாமல் நின்றதா? வேண்டுமென்றே இல்லை என்று பட்டால் பதினைந்து நாளுக்கு மிகாமல் அவகாசம் தந்து, கட்டியதும் மனுவைத் தள்ளிவிடலாம். வீட்டுக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லையென்றால் அது வேண்டுமென்றே செய்ததுதான் என்று சட்டமே சொன்னது. நோட்டீசே இல்லாவிட்டால்? 1985இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: அப்போது நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கின் சூழ்நிலையையும் பார்த்து முடிவெடுக்கவேண்டும். அந்த ஒரு வார்த்தை, 'வேண்டுமென்றே', எத்தனையோ வக்கீல் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. குடித்தனக்காரரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று பத்து வருடம் கழித்து அப்பீலில் வாதாடினார்கள்.

2017 சட்டம் மனதை விட்டுவிட்டு நாள்காட்டியைப் பார்க்கிறது. இரண்டு மாத பாக்கி, வீட்டுக்காரரின் நோட்டீஸ், அதிலிருந்து ஒரு மாதம். அதற்குள் வட்டியோடு முழுதாகக் கட்டினால் தப்பலாம், இல்லையென்றால் காலி செய்ய உத்தரவிட அது போதும். ஆஸ்பத்திரிச் செலவு, வேலை போச்சு என்ற கதைகளுக்குச் சட்டத்தின் எழுத்தில் இடமில்லை. ஒருமுறை இப்படித் தப்பித்தவர் அடுத்து ஒரே வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால் சலுகை மறுபடி கிடைக்காது. கேட்கக் கடுமையாக இருந்தாலும், எனக்கு இதுவே நேர்மையாகப் படுகிறது. எந்தத் தேதிக்குள் என்ன செய்தால் பிழைக்கலாம் என்று குடித்தனக்காரருக்கே தெரிகிறது. பழைய சட்டத்தில் அது நீதிபதிக்குத்தான் தெரியும்.

"அட்வான்ஸ் அவரிடம்தானே இருக்கிறது, கழித்துக்கொள்ளட்டுமே" என்று சொல்லாத குடித்தனக்காரர் உண்டா? இந்த வாதம் முழுக்கப் பொய்யும் இல்லை. 1989இல் ஆந்திரத்தின் கூடூரில் ஒரு ஹோட்டல் கட்டடம் பற்றிய வழக்கில், குடித்தனக்காரருக்குத் திருப்பித் தரவேண்டிய பணத்தைப் பாக்கியைவிட அதிகமாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் உரிமையாளர், குடித்தனக்காரரைப் பாக்கிக்காரர் என்று சொல்லமுடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அது அந்த மாநிலத்தின் வாடகைச் சட்டத்தின் கீழ் வந்தது. புதுச் சட்டத்தில் அட்வான்ஸ் என்பது காலி செய்த பிறகு கழிக்கவேண்டியதைக் கழித்துத் திருப்பித் தரும் வைப்புத் தொகை. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது பொது விதி, ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் அது செல்லும் என்று அதே வரி கதவையும் திறந்துவிடுகிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் ஏன் இன்னும் ஒழியவில்லை என்று இப்போது புரியும். அட்வான்ஸை நம்பி வாடகையை நிறுத்தாதீர்கள் என்பதே என் எண்ணம்.

உள்வாடகை

இதில் 1882 சட்டம் ஆச்சரியம் தரும். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, உள்வாடகைக்கு விடுவது அங்கே குடித்தனக்காரரின் உரிமை! அது தவறாவது பத்திரத்தில் தடை எழுதினால்தான். மற்ற இரண்டிலும் நேர்மாறு: எழுத்தில் சம்மதம் இல்லாமல் விட்டால் அதுவே காலிக்குக் காரணம், திருத்திக்கொள்ள வாய்ப்பு என்று எதுவும் தருவதில்லை. தம்பி வந்து தங்குவது உள்வாடகை ஆகாது. சாவியையும் இடத்தையும் இன்னொருவரிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியேறினீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். கடைகளில் பாகஸ்தர் என்று பெயர் போட்டு மறைப்பது பழைய தந்திரம், நீதிமன்றங்களுக்கும் அது பழக்கம்.

வேறு உபயோகம், சேதம், ஆணி

வீட்டுக்கு என்று வாங்கிய இடத்தில் வேறு காரியம் செய்தால் 1960இல் முன் எச்சரிக்கை இல்லாமலே காலி கேட்கலாம். எது வேறு காரியம் என்பதில்தான் சண்டை. சைக்கிள் ரிப்பேர்க் கடையில் கூடவே டிவி விற்ற ஒருவரின் வழக்கு பஞ்சாபிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அதை உபயோக மாற்றம் என்று சொல்ல முடியாது என்றார்கள். 2017 சட்டம் இன்னும் நிதானமானது. ஆக்கிரமிப்பு, பொதுத்தொல்லை, கட்டடச் சேதம், சட்டவிரோதக் காரியம் எல்லாவற்றையும் முறையற்ற பயன்பாடு என்று ஒரே கூடையில் போட்டு, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தால்தான் குற்றம் என்கிறது.

ஆணிக்கு வருவோம். 1882: பத்திரத்தில் தடை இருக்கிறது, சரி. ஆனால் வாடகை, உள்வாடகை தவிர்த்த மீறல்களில், சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுத்து நோட்டீஸ் விடவேண்டும். ஓட்டையைப் பூசிவிட்டால் முடிந்தது. 1960: கட்டடத்தின் மதிப்போ பயனோ கணிசமாகக் குறையும்படியான சேதமாக இருக்கவேண்டும். தாங்குசுவரை இடித்தால் அப்படி, காலண்டர் ஆணிக்கு இல்லை. 2017: நோட்டீசுக்குப் பிறகும் தொடர்ந்து அடித்தால் யோசிக்கலாம். மூன்றிலும் ஒன்பதாவது நிபந்தனை வெறும் பூச்சாண்டி.

பழைய பட்டியலில் இருந்து புதியதில் காணாமல் போனவையும் உண்டு. நீ வீட்டுக்காரனே இல்லை என்று உரிமையை மறுப்பது 1882இலும் 1960இலும் பெருங்குற்றம், 2017 பட்டியலில் தனியாக இல்லை. நாலு மாதம் தொடர்ந்து வீட்டைப் பூட்டிவைப்பதும் 1960இல் காரணம்தான். மலைவாசஸ்தலங்களுக்கு மட்டும் விலக்கு தந்திருந்தார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சீசன் முடிந்து பூட்டிக்கொண்டு போகிறவர்களை நினைத்துத்தான் போலும்.

யாருடைய தவறும் இல்லாத மீறல்

புதிதாகச் சேர்ந்த ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாதது. சட்டத்துக்கு முன்பே குடிவந்து, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவர்கள் குறித்த கெடுவுக்குள் போட்டுக்கொள்ளவேண்டும். இருவரும் ஒப்பந்தம் போடத் தவறினார்கள் என்பதே காலிக்குப் போதுமான காரணம். யார் தவறினார் என்று அந்த வரி கேட்கவில்லை. வாடகையை நாள் தவறாமல் கொடுத்தவரும், வீட்டுக்காரரே கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்ததால் ஒப்பந்தம் இல்லாமல் நிற்பவரும் இதில் ஒன்றுதான். போட்ட ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். 1960 சட்டம் வாய்ப்பேச்சில் குடிவந்தவரையும் காத்தது. இந்த ஓர் இடத்தில் நான் பழைய சட்டத்தின் பக்கம்.

எதிர்ப்பக்க மீறலுக்கும் ஒரு வார்த்தை: தண்ணீரை, மின்சாரத்தை வீட்டுக்காரர் நிறுத்தினால் பழைய சட்டத்திலும் புதியதிலும் புகார் செய்ய வழி உண்டு. அதற்காக வாடகையை நிறுத்தினால் மட்டும், நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.

என் பத்திரத்தின் பதினொரு மாதம் 2016லேயே முடிந்துவிட்டது. அதன்பிறகு எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஒன்பதாவது நிபந்தனையை மீறி அடித்த ஆணியில் இந்த வருடக் காலண்டர் தொங்குகிறது. அதைப் பார்த்தும் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. புது ஒப்பந்தம் என்று பேச்செடுத்தால் மட்டும், "அடுத்த மாசம் பாத்துக்கலாம் தம்பி" என்கிறார்.